பர்ன்ஸ் விருந்துக்கு ஒரு சாலட் கிண்ணம்



பல்லாண்டுகளுக்கு முன் எம் மத்ரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மனைவி மக்களுடன் வசித்து வருகிறார். கடந்த ஜனவரியில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்து முடிந்ததும் சற்றுத் தயங்கிச் சொன்னார்: "ஹஜ்ரத், எங்கள் மாடி வீட்டுப் பெரியவர் 25ஆம் தேதி இரவு பர்ன்ஸ் விருந்துக்கு அழைத்திருக்கிறார். எங்களுக்காக மேசையில் மது வைக்கப் போவதில்லை என்று அவராகவே சொல்லிவிட்டார். ஹாகிஸைக்கூட நாங்கள் கறி வாங்கும் ஹலால் கடையிலேயே வாங்கப் போகிறாராம். நீங்கள் ஒரு சாலட் மட்டும் செய்து கொண்டுவாருங்கள் என்கிறார். போகலாமா? போனால் எதைக் கொண்டு போவது?"

முதல் கேள்வி என்னிடம் வரவேண்டியதுதான். இரண்டாவது அவர் மனைவியிடம் போக வேண்டியது. ஆனால் அவர் வீட்டில் அது ஏற்கெனவே பெரிய விவாதமாகியிருந்தது. பிரியாணிக்கு வைக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியே போதும் என்பது மனைவியின் கருத்து. கடையில் விற்கும் சாலட் பொட்டலம் ஒன்றை வாங்கிப் போகலாம் என்பது மூத்த மகனின் கருத்து. முன்னூறு ஆண்டுப் பழமை கொண்ட விருந்தாயிற்றே, அதன் மரபில் சாலட் என்று ஒன்று உண்டா என்பது இவருடைய ஐயம். அந்த ஐயம் எனக்கும் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் படித்துப் பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'முன்னூறு ஆண்டு' என்பதைத் திருத்த வேண்டும். ராபர்ட் பர்ன்ஸ் என்ற கவிஞர் பிறந்தது 1759 ஜனவரி 25ஆம் நாள். ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலுள்ள ஏர்ஷயர் பகுதியில், அலோவே என்னும் சிற்றூரில். இறந்தது 1796 ஜூலை 21ஆம் நாள், டம்ஃப்ரீஸ் நகரில். வாழ்ந்தது முப்பத்தேழு ஆண்டுகளே. அவர் மறைந்து ஐந்தாண்டுகள் ஆனபோது, 1801 ஜூலையில், அவரை அறிந்தவர்களும் அவர் கவிதையில் தோய்ந்தவர்களுமாக ஒன்பது பேர் அவர் பிறந்த அதே குடிசையில் கூடி உணவருந்தினார்கள். ஹாமில்டன் பால் என்ற பாதிரியார் அதை முன்னின்று நடத்தினார். பர்ன்ஸ் விருந்துகளில் முதலாவது அதுதான். பரிமாறப்பட்டவற்றில் ஹாகிஸும் ஆட்டுத்தலையும் இருந்தன என்பது பதிவாகியிருக்கிறது. ஆட்டுத்தலை என்றதும் நம் வாசகர்களில் சிலர் முகம் மலர்வது எனக்குத் தெரிகிறது.

ஆக, முதல் விருந்து நடந்தது குளிர்காலத்தில் அன்று, கோடையில். பிறந்த நாளுக்கன்று, இறந்த நாளுக்கு. பிறகு கிரீனாக் என்ற துறைமுக ஊரில் வாழ்ந்த ஏர்ஷயர் வணிகர்கள் ஒரு சங்கம் அமைத்து, 1802 ஜனவரி 29ஆம் நாள் விருந்து வைத்தார்கள். அதுவே கவிஞர் பிறந்த நாள் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். மறு ஆண்டு ஏர் நகரின் திருச்சபைப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் பிறந்த நாள் 25 என்பது தெரியவந்தது. பிறகு தேதியை மாற்றிக்கொண்டார்கள். நம்பிவந்த தேதியைப் பதிவேட்டின் முன் விட்டுக்கொடுத்த அந்த வணிகர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. ஊர்க் கந்தூரித் தேதிகளுக்காகச் சண்டையிடும் நம்மவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அது வேறு கதை.

விருந்தின் நடுநாயகம் ஹாகிஸ். ஆட்டின் இருதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் வேகவைத்துப் பொடியாகக் கொத்தி, ஓட்ஸ் நொய், கொழுப்பு, வெங்காயம், உப்பு, தாராளமான மிளகு சேர்த்துப் பிசைந்து, ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்துத் தைத்து, மணிக்கணக்கில் கொதிநீரில் வேகவிடுவது பழைய முறை. இன்று இரைப்பைக்குப் பதில் வேறு உறைகளையும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் நுரையீரலை மனித உணவாக விற்பது 1971 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், அசல் ஹாகிஸ் அங்கே செல்ல இயலாது. குர்பானி நாளில் குடலையும் நுரையீரலையும் சுவரொட்டியையும் பங்கு வைத்துச் சமைக்கும் நமக்கு இதில் அருவருக்க ஒன்றுமில்லை. ஹனஃபி நூல்கள் அறுத்த பிராணியில் விலக்க வேண்டியவை என்று இரத்தம், பித்தப்பை, சிறுநீர்ப்பை, சுரப்பிகள் உள்ளிட்ட ஏழைக் குறிப்பிடுகின்றன. இருதயமோ ஈரலோ நுரையீரலோ இரைப்பையோ அந்தப் பட்டியலில் இல்லை. ஹாகிஸில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: அறுத்த முறை என்ன, மேலே விஸ்கி ஊற்றுகிறார்களா என்பன. அந்தப் பெரியவர் இரண்டுக்கும் முன்கூட்டியே விடை சொல்லிவிட்டார்.

ஹாகிஸ் ஸ்காட்லாந்துக்கே உரியது என்ற பெருமையும் பிற்காலத்தது. இந்த உணவின் செய்முறையைச் சொல்லும் மிகப் பழைய ஏடுகளுள் ஒன்று, ஏறத்தாழ 1430இல் இங்கிலாந்தின் வடமேற்கில் எழுதப்பட்டது. ஆங்கிலேயரும் உண்ட பண்டந்தான் அது. 1786இல் பர்ன்ஸ் ஹாகிஸை விளித்து ஒரு கவிதை எழுதினார். பிரெஞ்சுப் பண்டங்களைத் தின்று மெலிந்தவனையும் ஹாகிஸ் உண்டு வளர்ந்த உழவனையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். ஏழையின் கறியுருண்டை ஒரு நாட்டின் அடையாளமானது அதற்குப் பிறகுதான். இன்றும் விருந்தில் பைப் இசை முழங்க ஹாகிஸைத் தட்டில் ஏந்தி வருவார்கள்; ஒருவர் அந்தக் கவிதையைச் சொல்லிக்கொண்டே கத்தியால் அதைக் கீறித் திறப்பார். உண்பதற்கு முன் நான்கு வரியில் ஒரு நன்றி சொல்வதும் உண்டு. சிலரிடம் உணவு இருந்தும் உண்ண முடியவில்லை, சிலருக்கு உண்ண முடிந்தும் உணவில்லை, எங்களுக்கு இரண்டும் உண்டு, ஆகவே இறைவனுக்கு நன்றி என்பது அதன் கருத்து. இதைக் கேட்ட என் மாணவர், "ஹஜ்ரத், நாம் பிஸ்மி சொல்லி உட்காரும் நேரத்தில் அவர்கள் அதைச் சொல்வார்கள் போலும்" என்றார்.

ஹாகிஸுக்குப் பக்கத்தில் 'நீப்ஸ்', 'டாட்டீஸ்' என்று இரண்டு வைப்பார்கள். டாட்டீஸ் என்பது மசித்த உருளைக்கிழங்கு. நீப்ஸ் என்பது ஸ்வீட் எனப்படும் மஞ்சள் நிறப் பெருங்கிழங்கு. நம் ஊர் நூக்கோலின் உறவுக்காரர் என்று சொல்லலாம். இந்த மூன்றும் இல்லாமல் பர்ன்ஸ் விருந்து இல்லை என்பார்கள் இன்று. ஆனால் ஆண்டுகளைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். உருளைக்கிழங்கு ஸ்காட்லாந்தின் வயல்களில் பரவியது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். ஸ்வீட் கிழங்கு, பெயரே சொல்வது போல, சுவீடனிலிருந்து வந்தது. அதை அந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் டால்ஸ்விண்டன் பெருநிலக்கிழார் பாட்ரிக் மில்லர் என்றும், சுவீடன் மன்னர் அவருக்கு விதை அனுப்பினார் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. 1780களை ஒட்டிய காலம் அது. பர்ன்ஸ் 1788இல் எல்லிஸ்லாண்ட் என்ற பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தது இதே மில்லரிடமிருந்துதான்! கவிஞர் குழந்தையாயிருந்த நாளில் அவர் தாயின் அடுப்பில் இந்தக் கிழங்கு வெந்திருக்க வாய்ப்பில்லை. இன்று மரபென்று வணங்கப்படும் தட்டில் ஒரு பங்கு, கவிஞரின் வாழ்நாளுக்குள் அயல்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த விருந்தாளி.

இதை என் மாணவரிடம் சொன்னதும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்படியானால் சாலட்டும் வந்து சேரலாம்" என்றார். சேரலாம். ஆனால் சாலட்டுக்கு அதைவிட நெருங்கிய உரிமை ஒன்று அந்தக் குடிசையில் உண்டு. நான் படித்தவற்றிலெல்லாம் என்னை மிகவும் கவர்ந்தது அதுவே.

பர்ன்ஸின் தந்தை வில்லியம், தொழிலால் தோட்டக்காரர். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புத் தேடித் தெற்கே நடந்து, எடின்பரோ நகரில் தோட்ட வேலை செய்தார். அந்நகரின் நடுவே இன்றும் பசுமையாக விரிந்திருக்கும் மெடோஸ் பூங்காவைச் சீரமைத்த பணியாளர்களில் அவரும் ஒருவர். பிறகு ஏர்ஷயருக்கு வந்தார். அலோவேயில் ஏழரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். அங்கே காய்கறித் தோட்டம் போட்டு விளைச்சலை விற்றுப் பிழைப்பது அவர் எண்ணம். 1757இல் அந்த நிலத்தில் தம் கைகளாலேயே களிமண் சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்தார். கவிஞர் பிறந்த குடிசை அதுதான். பிள்ளை பிறந்து சில நாட்களிலேயே வீசிய புயலில் வீட்டின் முகப்புச் சுவர் சரிந்தது. தாயையும் பச்சிளங்குழந்தையையும் இருளோடு இருளாக அண்டை வீட்டுக்குத் தூக்கிப் போய்க் காத்தார்கள். காய்கறித் தோட்டக் கனவு நினைத்தபடி கைகூடவில்லை. அருகிலிருந்த செல்வந்தர் ஒருவரின் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்து, 1766இல் வேறொரு பண்ணைக்குக் குடிபெயர்ந்து, கடனோடும் வழக்கோடும் போராடி 1784இல் இறந்தார். பிள்ளைகளுக்காக அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து ஓர் ஆசிரியரை அமர்த்தி, மாலையில் தாமே உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தவர் அந்தத் தோட்டக்காரர். பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் இந்த இடத்தில் சற்று அதிகமாக நின்றுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்கறி விற்க எண்ணிக் கட்டிய வீட்டில் பிறந்தவருக்கு நினைவு விருந்து என்றால், அந்த மேசையில் ஒரு கிண்ணம் பச்சைக்கு இடமில்லாமல் எப்படி இருக்கும்?

அந்தப் பச்சை எது என்பதுதான் அடுத்த கேள்வி. அக்காலத்து ஸ்காட்லாந்தில் பச்சை என்றால் இரண்டு உலகங்கள். ஒன்று மாளிகைகளின் உலகம். உயர்ந்த மதில் எழுப்பி, புது எருவின் வெப்பத்தில் பாத்தி வைத்து, கண்ணாடி மூடி, குளிர் மாதத்திலும் லெட்டூஸ் வளர்த்தார்கள். ஜான் ரீட் என்பவர் 1683இல் வெளியிட்ட 'ஸ்காட்ஸ் கார்டனர்' என்ற நூல், அந்நாட்டின் தட்பவெப்பத்துக்கென்றே எழுதப்பட்ட முதல் தோட்டக்கலை நூல். மாளிகைத் தோட்டத்தின் கட்டமைப்பும் சமையலறைத் தோட்டத்தின் பயிர்களும் அதில் விரிகின்றன. 1699இல் லண்டனில் ஜான் ஈவ்லின் சாலட்டுக்கென்றே 'அசிடேரியா' என்ற தனி நூல் எழுதினார். எண்ணெய், வினிகர், உப்பு, கடுகு ஒவ்வொன்றும் எப்படி இருக்க வேண்டும் என்று நகைக்கடைக்காரரைப் போல நிறுத்துப் பார்க்கிறார் அவர். பெருந்தோட்டங்களில் வேலை கற்ற ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இங்கிலாந்தில் நல்ல பெயர் இருந்தது. கியூ தாவரப் பூங்காவின் பொறுப்பு 1759இல், பர்ன்ஸ் பிறந்த அதே ஆண்டில், வில்லியம் அய்ட்டன் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மற்றொன்று குடிசைகளின் உலகம். அங்கே பச்சை என்றால் கேல். சுருள் சுருளாக இலை விடும், தலை கட்டாத முட்டைக்கோஸ் இனம் அது. வீட்டுக்குப் பின்னால் கல்வேலி கட்டிய சிறு கொல்லையில் ஒவ்வொரு குடும்பமும் அதை வளர்த்தது. பார்லியுடன் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சினார்கள். 'கேல்' என்ற சொல்லுக்கே அவர்கள் பேச்சில் 'சாப்பாடு' என்ற பொருள் வந்துவிட்டது. நம்மில் 'சோறு' என்றால் முழு உணவையும் குறிப்பது போல. வேண்டியவரை விருந்துக்கு அழைப்பதையே 'என்னோடு கேல் உண்ண வா' என்ற கருத்தில் சொன்னார்கள். இந்தக் கீரையின் சிறப்பு, பனி விழுந்த பிறகுதான் இது இனிக்கும் என்பது. குளிரைத் தாங்குவதற்காக இலை தன்னிடமுள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. மற்றச் செடிகள் கருகும் ஜனவரியில் இது கொல்லையில் நின்று கொண்டிருக்கும்.

மகன் சொன்ன கடைச் சாலட்டை இப்போது எண்ணிப் பாருங்கள். ஜனவரியில் கிளாஸ்கோவின் கடைகளில் கிடைக்கும் மெல்லிய லெட்டூஸ் பெரும்பாலும் ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்து லாரியில் வருவது. அதில் குற்றமில்லை. ஆயினும் கொழுப்பும் மிளகும் கூடிய சூடான ஹாகிஸுக்குப் பக்கத்தில் அது ஒரு நொடியில் துவண்டுவிடும். அத்துடன் கடைப் பொட்டலத்தில் வேறோர் எச்சரிக்கையும் உண்டு. பன்றி இறைச்சித் துணுக்கு தூவிய சாலட்டுகள் அங்கே சாதாரணம். பிரெஞ்சுப் பெயர் தாங்கிய டிஜான் கடுகு விழுதைப் பழைய முறைப்படி வெள்ளை ஒயின் சேர்த்தே அரைப்பார்கள். பொடி எழுத்தைப் படிக்காமல் எடுத்துப் போனால், பெரியவர் நமக்காகத் தம் மேசையிலிருந்து எடுத்துவிட்ட மதுவை நாமே கிண்ணத்தில் ஏந்திப் போனதாகிவிடும்.

அப்படியே வினிகருக்கு வருவோம். வினிகர் சிறந்த தொடுகறி என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த செய்தியை ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் நூலில் காண்கிறோம். அதே நூலில், மதுவை வினிகராக்கலாமா என்று கேட்கப்பட்டபோது வேண்டாமெனத் தடுத்ததாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பும் உள்ளது. இரண்டையும் வைத்து இமாம்கள் ஆராய்ந்தார்கள். மது தானாகவே புளித்து வினிகரானால் அது தூய்மையானது என்பதில் கருத்து வேறுபாடில்லை. மனிதர் வேண்டுமென்றே ஏதேனும் பொருளைச் சேர்த்து மாற்றினால், ஷாஃபிஈ மத்ஹபில் அது தூய்மையாகாது. ஹனஃபி மத்ஹபில் ஆகும். ஒயின் வினிகர் என்று எழுதிய புட்டி, ராவுத்தர் வீட்டு அடுக்களையில் ஒரு தீர்ப்பும் மரைக்காயர் வீட்டு அடுக்களையில் வேறு தீர்ப்பும் பெறும் என்பதைப் பலர் அறிவதில்லை. என் மாணவர் ஷாஃபிஈ. அவர் மனைவி ஹனஃபி குடும்பத்தவர். ஆகவே எலுமிச்சை பிழிந்துகொள்ளச் சொன்னேன். வல்லாஹு அஃலம்.

எலுமிச்சை அந்த ஊருக்கு அந்நியமா என்றால், அதுவும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுக் கிளாஸ்கோ வணிகர்கள் கரும்புத் தீவுகளின் ரம், சர்க்கரையோடு எலுமிச்சை பிழிந்து 'கிளாஸ்கோ பஞ்ச்' என்ற பானத்தைத் தயாரித்துக் குடித்தார்கள். அந்த ரம்மும் சர்க்கரையும் அடிமைகளின் வியர்வையில் விளைந்தவை. 1786இல் வறுமை முற்றியபோது பர்ன்ஸே ஜமைக்காவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் கணக்கெழுதும் வேலைக்குப் புறப்பட ஆயத்தமாயிருந்தார். அந்தக் கோடையில் கில்மார்னாக் நகரில் அச்சான அவரது முதல் கவிதை நூல் விற்றுத் தீர்ந்ததால் பயணம் நின்றது. மனிதர் சமத்துவத்தைப் பாடியவர், அடிமைகளின் உழைப்பைக் கணக்கெழுதப் போயிருக்கக்கூடும். இன்று ஸ்காட்லாந்தின் அறிஞர்களே இதை வெளிப்படையாகப் பேசுகிறார்கள். பிற்காலத்தில் அவர் சுங்க அதிகாரியாகி, சாராயத்துக்கும் வரி வசூலித்தார் என்பது இன்னொரு விந்தை. ஒருவரைக் கொண்டாடும் மேசையில் அமர்பவர் இவற்றையும் அறிந்து அமர்வது நல்லது.

போகலாமா என்ற முதற்கேள்விக்கு நான் சொன்ன விடையையும் எழுதிவிடுகிறேன். மது பரிமாறப்படும் மேசையில் அமர வேண்டாமென்று நபிமொழி உள்ளது. திர்மிதி நூலில் காணலாம். ஆகவே விஸ்கி சுற்றிவரும் பர்ன்ஸ் விருந்தாக இருந்திருந்தால், பணிவோடு மறுத்துவிட்டு மறுநாள் பண்டத்தோடு போய்ப் பார்த்து வாருங்கள் என்றிருப்பேன். இங்கே அழைத்தவரே அதை அகற்றிவிட்டார். இந்த விருந்து ஒரு கவிஞரின் நினைவு நாளே தவிர, மற்றொரு மதத்தின் பண்டிகை அன்று. அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளும் கொண்டாடுகிறார்கள். ஆட்டுக் குளம்புக்கு அழைத்தாலும் செல்வேன் என்று சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு, ஆட்டு ஈரலுக்கு அழைக்கும் அண்டைவீட்டாரின் கதவு தூரமானதன்று. மதீனாவில் தையற்காரர் ஒருவர் அழைத்த விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பார்லி ரொட்டியும் உப்புக்கண்டமும் சுரைக்காயும் போட்ட குழம்புந்தான் அந்த விருந்து. தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து நபியவர்கள் உண்டதைப் பார்த்த அனஸ் (ரலி) அவர்களுக்கு அன்று முதல் சுரைக்காய் பிடித்துவிட்டது. புகாரியில் வருகிறது.

சாலட்டின் உட்கருத்துக்கும் நம் மரபில் முன்மாதிரி உண்டு. பேரீச்சம்பழத்தோடு வெள்ளரிக்காய் சேர்த்து நபியவர்கள் உண்டதை அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தர்பூசணியைப் பேரீச்சையோடு உண்டபோது, ஒன்றின் சூட்டை மற்றதன் குளிர்ச்சி தணிக்கும் என்று விளக்கியதாக அபூதாவூதில் வருகிறது. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி வைப்பதும் இந்தக் கணக்குத்தான். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதின் சமையலைத் தொகுத்த இப்னு சய்யார் அல்வர்ராக், வினிகர் சேர்த்த குளிர்ந்த காய்கறிப் பண்டங்களுக்கு 'பவாரித்' என்ற தலைப்பிலேயே இயல்கள் ஒதுக்கியிருக்கிறார். மேற்கே அதற்கு வைத்த பெயர் உப்பிலிருந்து வந்தது. இலத்தீனில் 'சால்' என்றால் உப்பு. உப்பிட்ட இலை என்பதுதான் சாலட்.

தயிர்ப் பச்சடி வேண்டாமென்று நான் சொன்னதற்குக் காரணம் சுவை மட்டுமே. மசித்த உருளைக்கிழங்கு, மசித்த நீப்ஸ், கொழகொழவென்ற ஹாகிஸ் என்று மூன்றும் மெத்தென்றிருக்கும் தட்டில், நான்காவதும் மெத்தென்று இருக்கலாகாது. பல்லுக்கு வேலை வேண்டும், நாவுக்குப் புளிப்பு வேண்டும். ஆகவே இப்படிச் சொன்னேன். கேல் கீரையின் நடு நரம்பை நீக்கி மெல்லியதாக அரிந்து, உப்புத் தூவி, இரண்டு கைகளாலும் நன்றாகப் பிசைய வேண்டும். ஐந்து நிமிடத்தில் அதன் முரட்டுத்தனம் அடங்கி, நிறம் கறுத்துப் பளபளக்கும். வேகவைத்த பீட்ரூட்டைத் துண்டுகளாகவும் புளிப்பு ஆப்பிளைத் தோலோடு மெல்லியதாகவும் நறுக்கிக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாறு, கடுகுத்தூள், கொஞ்சம் தேன், அந்த நாட்டிலேயே ஆட்டும் ரேப்சீட் எண்ணெய் ஆகியவற்றைக் கலக்கி ஊற்ற வேண்டும். ஓட்ஸை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்துக் கடைசியில் தூவ வேண்டும். பீட்ரூட்டை மட்டும் பரிமாறும் நேரத்தில் சேர்க்கவும். முன்கூட்டியே சேர்த்தால் கிண்ணம் முழுவதும் ஒரே சிவப்பாகிவிடும்.

அவர் மனைவி இதையெல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "ஹஜ்ரத், தேனுக்குப் பதில் பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டால் என்ன?" என்று கேட்டார். அதைவிடச் சிறந்த யோசனை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. வெள்ளரிக்காய் ஏன் சேர்க்கவில்லை என்றும் கேட்டார். ஜனவரியில் அதுவும் ஸ்பெயினிலிருந்து வரவேண்டும் என்றேன். பேரீச்சை மட்டும் பக்கத்திலிருந்தா வருகிறது என்று மகன் சிரித்தது கேட்டது. நியாயமான கேள்விதான். விடை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

1984இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக் கவிதை நூலகம் திறக்கப்பட்டபோது, இறைச்சி உண்ணாத விருந்தினருக்காக மாக்ஸ்வீன் என்ற கறிக்கடைக் குடும்பத்தார் பயறும் விதைகளும் ஓட்ஸும் காய்கறியும் வைத்து ஒரு ஹாகிஸ் தயாரித்தார்கள். அது இன்று கடைதோறும் கிடைக்கிறது. ஹலால் ஹாகிஸும் கிடைக்கிறது. ஹாகிஸைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்த பக்கோடா கிளாஸ்கோ உணவகங்களில் பேர்பெற்றது.

ஜனவரி கடைசியில் கிளாஸ்கோவில் மாலை நாலரை மணியளவிலேயே மஃரிப் வந்துவிடும். இஷாவையும் முடித்துக்கொண்டு, கிண்ணத்தைத் துணியால் மூடி, மாடிப்படி ஏறிப் போயிருக்கிறார்கள். பெரியவர் கேலைப் பார்த்ததும், தம் தந்தை கொல்லையில் அதை வைத்திருந்ததாகவும், அதைப் பச்சையாக உண்ணலாம் என்று இத்தனை வயதில் இன்றுதான் தெரிந்தது என்றும் சொன்னாராம். கவிதையை அவரே வாசித்தார். பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கத்தி இறங்கிய இடத்தில் மட்டும் கைதட்டினார்கள். குவளைகளில் ஆப்பிள் சாறு இருந்தது.

அடுத்த ஜும்ஆ அன்று கிண்ணம் திரும்பி வந்தது. நம் ஊரில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை; அங்கேயும் அப்படித்தான் போலும். உள்ளே துணி விரித்து, வீட்டிலேயே சுட்ட ஓட்ஸ் ரொட்டிகள் எட்டு இருந்தன என்று என் மாணவர் எழுதியிருந்தார்.